வீட்டை இப்பவே எழுதிக் குடுக்கிறதா, மரணசாசனமா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில உறுதிக்காணியும் (உறுதி எழுதின சொந்தக் காணி) வீடும், கணவன் பேரில. மனிசனும் மனிசியும் எழுபது தாண்டியாச்சு. மகள் கூட இருக்கிறா, மகன் கனடாவில. வீடு மகளுக்குப் போகவேணும், கடைசி வரை இவைக்கும் பாதுகாப்பு வேணும். என்ன வழி?

வேம்படி: சீவிய உரித்து (சாகும் வரை வீட்டில இருந்து அனுபவிக்கிற உரிமை) வைச்சு நன்கொடை உறுதி. மரணசாசனம் எண்டா ஆள் செத்த பிறகு மாவட்ட நீதிமன்றத்தில வழக்குப் போட்டு நிரூபிக்கவேணும். மகன் வந்து "அப்பாவுக்கு அப்ப சுயநினைவு இல்லை" எண்டா வருசக்கணக்கில இழுபடும். உறுதியில மகளும் ஏற்றுக்கொண்டு கையெழுத்து வைச்சு, காணிப் பதிவகத்தில பதிஞ்சா அலுவல் முடிஞ்சுது.

உட்துறைமுகவீதி: அந்த "முடிஞ்சுது"தான் பயம். நன்கொடையைப் பொதுவாகத் திரும்ப எடுக்க முடியாது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மகள் பாரதூரமான நன்றியீனம் காட்டினார் என்று நீதிமன்றில் நிரூபித்தால்தான் இரத்தாகும். படுக்கையில் கிடக்கிறவர் எப்படி வழக்காடுவார்? சீவிய உரித்து குடியிருக்க விடும், பராமரிக்க வருபவருக்குச் சம்பளம் கொடுக்காது. அவசரத்துக்கு வீட்டை விற்கவும் முடியாது. மரணசாசனத்தை எப்பவும் மாற்றி எழுதலாம். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் போதும், நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள்.

வேம்படி: கைவிட்டா 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம் இருக்குத்தானே. பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம்.

உட்துறைமுகவீதி: சபை பராமரிப்புப் பணத்துக்குக் கட்டளை போடும், காணியைத் திருப்பித் தராது. நன்கொடைதான் என்று பிடிவாதமென்றால், திரும்பப் பெறும் உரிமையை உறுதியிலேயே எழுதி வையுங்கள். பிறகு மகள் அதை ஈடு வைத்துக் கடன் எடுக்கக் கஷ்டப்படுவார். எனக்கு அது பாதுகாப்பாகத்தான் படுகிறது. இன்னொன்று, சீவிய உரித்தைக் கணவன் பேரில் மட்டும் வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. அவர் கண்மூடிய அன்றே அது முடிந்துவிடும், மனைவிக்கு உறுதிப்படி ஒன்றும் மிஞ்சாது. இருவர் பேரையும், பிறகு உயிரோடு இருப்பவரையும் சொல்லி எழுத வேண்டும்.

மூதூரான்: உறுதிக்காணி எண்டபடியா இந்தச் சண்டை. தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் கனபேரிட்ட இருக்கிறது 1935ஆம் ஆண்டு காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ வந்த அரச காணி அனுமதிப்பத்திரமோ அளிப்போதான். அதுக்கு மரணசாசனம் செல்லாது. பின்னுரித்தாளரை (தனக்குப் பிறகு காணி போகவேண்டிய ஆளை) நியமிச்சு, ஆள் உயிரோட இருக்கேக்கையே பதியவேணும். அதைப் பதியாமல் விட்டுத்தான் பிள்ளைகள் பிரதேச செயலகத்துக்கு அலையிறது. மற்றது, அற்றோணித் தத்துவம் (தனக்குப் பதிலா இன்னொருவர் அலுவல் பார்க்க எழுதிக் குடுக்கிற அதிகாரம்) குடுத்தா எல்லாம் சரி எண்டு நினைக்காதேங்கோ. குடுத்தவர் செத்தா அது செல்லாது. மறதி நோய் வந்து அறிவு தடுமாறினாலும் அதை நம்பேலாது. அப்ப மாவட்ட நீதிமன்றம் போய், சொத்தைப் பார்க்க முகாமையாளரை நியமிக்கக் கேட்கவேணும்.

வேம்படி: அனுமதிப்பத்திரம் பற்றி நீங்கள் சொல்றது சரி அண்ணை. உப்புவெளிக் காணிக்கு என்ர நிலைப்பாடு மாறேல்லை, ரெண்டு பேர் பேரிலயும் சீவிய உரித்து எண்டதை மட்டும் சேர்க்கிறன். கையெழுத்து வைக்கிற அதே நாளில வைத்தியரிட்ட மனநிலை பற்றிச் சான்றிதழ் எடுங்கோ. பாரிசவாதம் வந்த பிறகு ஆஸ்பத்திரிக் கட்டில்ல வைச்சு எழுதின உறுதியைத்தான் கோட்டில முதல்ல கிழிப்பினம்.

உட்துறைமுகவீதி: அந்தச் சான்றிதழ் மரணசாசனத்துக்கும் உதவும். நீங்கள் முதலில் பயந்தது மகனின் அந்த வாதத்துக்குத்தானே?