அம்மாவின் நீர்க்கடுப்புக்கு நெருஞ்சில் கொடுக்கலாமா?

தோழிகளே, அம்மாவுக்கு வயது 61. மாதவிடாய் நின்ற பிறகு சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது. யூரின் கல்ச்சரில் (எந்தக் கிருமி என்று பார்க்கும் சிறுநீர்ச் சோதனை) ஈகோலை பாக்டீரியா என்று வந்தது, டாக்டர் கொடுத்த ஆன்டிபயாடிக் கேட்கிறது. ஆனால் கொஞ்ச நாளில் பழையபடி எரிச்சல். அதனால் மருந்தை நிறுத்தப் போவதில்லை, கூடவே என்ன செய்யலாம் என்பதுதான் கேள்வி.

இப்போதைக்குத் தண்ணீர், பார்லிக் கஞ்சி, வாரத்தில் இரண்டு நாள் வாழைத்தண்டு. சாயங்கால ஃபில்டர் காபியைக் குறைக்கச் சொன்னால் மட்டும் முகம் மாறிவிடுகிறது! இந்தத் தொற்றுக்குப் பலரும் சொல்லும் கிரான்பெர்ரி ஜூஸ் பாட்டிலில் சர்க்கரைதான் அதிகம், அம்மாவுக்கோ சுகர். சர்க்கரை இல்லாத கிரான்பெர்ரி மாத்திரை யாராவது எடுத்திருக்கிறீர்களா?

பெரியம்மா நெருஞ்சில் குடிநீரும் சிறுபீளைக் கஷாயமும் கொடுக்கச் சொல்கிறார். பொங்கலுக்குக் காப்புக் கட்டும் அதே சிறுபீளைதான். இரண்டுமே சிறுநீரைப் பெருக்கும். அம்மா பிரஷருக்குச் சாப்பிடும் மாத்திரையும் அதே வேலையைத்தான் செய்கிறது. மூலிகைதானே என்று ஊற்றிக் கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

தாம்பரம் சானடோரியம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலோ அரும்பாக்கம் அண்ணா மருத்துவமனையிலோ இதற்குக் காட்டியவர்கள் இருக்கிறீர்களா? ஆங்கில மருந்துச் சீட்டையும் பார்த்துச் சொல்வார்களா? எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் குறைவு? அம்மாவால் ரொம்ப நேரம் வரிசையில் நிற்க முடியாது, கழிப்பறை பக்கத்தில் இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள்.