யார்க்‌ஷயர் கிராமத்தில் நான்கு மாதக் குளிர்காலம்: எண்ணெய் பாய்லர், விறகடுப்பு, ஈரம் பற்றி விவரம் தேவை

ஈசூன்_மலர்:

வணக்கம். சிங்கப்பூரிலிருந்து கிளம்பி, டிசம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் கடைசி வரை இங்கிலாந்தின் வட யார்க்‌ஷயரில், ஹாஸ் ஊருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தங்கப் போகிறோம். பெரியவர்கள் மூன்று பேர், அதில் அம்மாவுக்கு 68 வயது. எட்டு வயதுப் பையன் ஒருவன். வாடகைக்கு எடுத்திருப்பது பழைய கல் வீடு. குழாய் கேஸ் கிடையாது. மண்ணெண்ணெயில் ஓடும் பாய்லர், தோட்டத்தில் 1,200 லிட்டர் டேங்க், கூடத்தில் விறகடுப்பு, சமையலறையில் இண்டக்‌ஷன் அடுப்பு, கழிவுக்கு செப்டிக் டேங்க்.

தேடினால் கிடைப்பதெல்லாம் லண்டன் ஃபிளாட்டுக்கான யோசனைகள்தாம். எண்ணெய் எவ்வளவு, எப்போது வாங்குவது? தண்ணீர்க் குழாய் உறைந்தால் என்ன செய்வது? வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்தே பழகிய நாம் அங்கே எப்படி இருப்பது? இட்லி மாவு பொங்குமா? இங்கிருந்து எந்தச் சாமானைத் தூக்கிக்கொண்டு போகலாம்?

பாய்லர்_பழனி:

எண்ணெயிலிருந்து தொடங்குகிறேன், அதில் கோட்டை விட்டால் மற்றதெல்லாம் நின்றுவிடும். ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் சுமார் 10 கிலோவாட்-மணி வெப்பம் உண்டு. 20 கிலோவாட் பாய்லர் எரியும்போது மணிக்கு ஏறக்குறைய 2 லிட்டர் குடிக்கும். நாளுக்கு ஆறேழு மணி நேரம் எரிந்தால் 12 முதல் 14 லிட்டர். அந்தக் கணக்கில் 500 லிட்டர் ஐந்தாறு வாரம்தான் வரும். பெரும்பாலான எண்ணெய் லாரிக்காரர்கள் 500 லிட்டருக்குக் குறைந்து தருவதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள், பாதை உறைந்தால் லாரி ஏறாது. அதனால் டேங்க் பாதிக்கு வந்ததுமே சொல்லிவிடுங்கள். பல கிராமங்களில் அக்கம்பக்கத்தார் சேர்ந்து மொத்தமாக வாங்கும் எண்ணெய்க் குழு உண்டு. வீட்டுக்காரரிடம் அதைக் கேளுங்கள், விலை குறையும். சாவி வாங்கும் அன்றே டேங்க் அளவைப் படம் பிடித்து வையுங்கள். காலி செய்யும்போது அதே அளவு இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கலாம்.

டேங்க்கைக் கால்வாசிக்குக் கீழே போக விடாதீர்கள். வற்றும்போது அடியில் படிந்த கசடும் தண்ணீரும் குழாய்க்குள் வரும், பிறகு காற்று புகுந்து பம்ப் எண்ணெயை இழுக்காது. மறுபடி நிரப்பினாலும் பாய்லர் பற்றாது, காற்றை வெளியேற்ற ஆள் வர வேண்டும். மண்ணெண்ணெய் அங்குள்ள குளிருக்கு உறையாது. ஆனால் அதில் கலந்த தண்ணீர் ஃபில்டர் கிண்ணத்தில் பனிக்கட்டியாகி வழியை அடைத்துவிடும்.

பாய்லர் அணைந்து சிவப்பு விளக்கு எரிந்தால் ரீசெட் பொத்தானை ஒரு முறை அழுத்திக் காத்திருங்கள். இரண்டு முறைக்கு மேல் அழுத்த வேண்டாம், எரியாத எண்ணெய் உள்ளே சேர்ந்துவிடும். கடுங்குளிர் காலையில் பாய்லருக்குள் களக் களக் என்று சத்தம் கேட்டு நின்றுபோனால், முதல் சந்தேகம் கண்டென்ஸேட் குழாய் மீது. பாய்லரிலிருந்து வெளிச்சுவர் வழியாகச் சாக்கடைக்கு இறங்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் அது. அதில் சொட்டும் தண்ணீர் உறைந்தால் பாய்லர் தானாக நின்றுவிடும். வெதுவெதுப்பான தண்ணீரை வளைவுகளிலும் கீழ் முனையிலும் ஊற்றுங்கள். கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் பிளாஸ்டிக் விரிசல் விடும், தரையில் வழிந்தது உறைந்து வழுக்கும். இளகியதும் ஒரு ரீசெட் போதும்.

தண்ணீர்க் குழாய்: போன உடனே ஸ்டாப்காக் (வீட்டுக்கு வரும் தண்ணீரை மூடும் வால்வு) எங்கே என்று பாருங்கள், பெரும்பாலும் சமையலறை சிங்க்கின் அடியில் இருக்கும். வலப்பக்கம் திருப்பினால் அடையும். வீட்டில் பெரியவர்கள் மூவருக்கும் இது கைவசம் இருக்க வேண்டும். குழாய் உறைந்திருந்தால் முதலில் ஸ்டாப்காக்கை மூடி, அந்தக் குழாயின் வாயைத் திறந்து, அந்த முனையிலிருந்து உள்நோக்கி ஹேர் டிரையராலோ வெந்நீர்ப் பையாலோ சூடு காட்டுங்கள். தீச்சுடர் வேண்டவே வேண்டாம். வெடிப்பு உறையும்போதே விழுந்திருக்கும், இளகும்போதுதான் ஒழுகும். அதனால்தான் முதலில் மூடச் சொல்கிறேன்.

தேக்கா_மீனாள்:

மலர், அந்த நாட்டுக் கிராம வீட்டில் குளிரைவிடப் பெரிய எதிரி வீட்டுக்குள் நாம் உண்டாக்கும் ஈரம். பழைய கல் சுவருக்கு நடுவே காற்று இடைவெளி கிடையாது, உள்பக்கமும் ஜில்லென்றே இருக்கும். சோறு வடித்த ஆவி, குளித்த ஆவி, துணி உலர்ந்த ஆவி எல்லாம் அந்தச் சுவரிலும் கண்ணாடியிலும் தண்ணீராகிப் படியும். காலையில் ஜன்னலின் அடிச்சட்டத்தில் நீளமாகத் தண்ணீர் தேங்கி நிற்கும். துடைக்காமல் விட்டால் இரண்டு மூன்று வாரத்தில் மூலையில் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை.

ஜன்னலை நாள் முழுதும் திறக்காதீர்கள், நாள் முழுதும் மூடியும் வைக்காதீர்கள். காலையிலும் சமைத்த பிறகும் பத்து நிமிடம் எதிரெதிர் ஜன்னல்களை நன்றாகத் திறந்து மூடுங்கள். அதற்குள் காற்று மாறிவிடும், சுவர் ஆறாது. சமைக்கும்போது உள்கதவைச் சாத்தி, பாத்திரத்தை மூடி, எக்ஸ்ட்ராக்டரை (ஆவியை வெளியே இழுக்கும் விசிறியை) ஓட விடுங்கள். அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டாமல் ஐந்து சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் பின்னாலிருக்கும் பட்டுப்புடவைக்குத்தான் முதல் பூஞ்சை.

துணி உலர்த்த, இங்கே ஜன்னலுக்கு வெளியே நீட்டும் மூங்கில் கழி போல அங்கே வழி இல்லை. ஒரு மெஷின் துணியில் இரண்டு லிட்டர் வரை தண்ணீர் இருக்கும். ஒரே அறையில் கதவைச் சாத்தி, டிஹியூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை இழுக்கும் மெஷின்) வைத்துக் காய வையுங்கள். அதை வாங்கும்போது கவனம்: கம்ப்ரஸர் வகை குளிர்ந்த அறையில் சரியாக வேலை செய்யாது. அறை 15 டிகிரிக்குக் கீழே இருக்குமானால் ஈரம் உறிஞ்சும் பொருளால் இயங்கும் டெசிகண்ட் வகை வாங்குங்கள். சின்ன ஈரமானி ஒன்றைச் சுவரில் மாட்டி 50 முதல் 60 சதவீதத்துக்குள் வைத்துக்கொண்டால் பூஞ்சைக்குப் பயப்பட வேண்டாம்.

இட்லி மாவு தாராளமாகப் பொங்கும், இடம்தான் மாற வேண்டும். வெந்நீர் சிலிண்டர் இருக்கும் அலமாரி இருந்தால் அதுதான் மிகச் சரியான இடம். இல்லாவிட்டால் ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் போட்டு வையுங்கள். அரைக்கும்போது கடைசியாகச் சேர்க்கும் தண்ணீர் கைபொறுக்கும் சூட்டில் இருக்கட்டும், கையால் நன்றாகக் கலக்குங்கள். இங்கே எட்டு மணி நேரத்தில் பொங்குவதற்கு அங்கே 14 முதல் 18 மணி நேரம் ஆகும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும், குறுகிய வாய்ப் புட்டியில் கொண்டுபோனால் வெளியே வராது. அகல வாய் டப்பாவில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

சாமான்: அங்கும் 230 வோல்ட், அதே சதுர மூன்று முனை பிளக். சிங்கப்பூர் ரைஸ் குக்கர், மிக்ஸி, கிரைண்டர் எதற்கும் அடாப்டர் வேண்டாம். ஆனால் அடுப்பு இண்டக்‌ஷன். பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டினால் எடுத்துப் போங்கள், ஒட்டாவிட்டால் சூடேறாது. அலுமினியக் குக்கரும் பொங்கலுக்கான பித்தளைப் பானையும் அதில் உதவா. நெய், பால்கோவா, இறைச்சி வகைகளைப் பையில் வைக்காதீர்கள். பாலோ இறைச்சியோ சேர்ந்தவற்றைச் சிங்கப்பூரிலிருந்து கொண்டுபோக அந்த நாட்டில் அனுமதி இல்லை. தாளித்த எண்ணெயை சிங்க்கில் ஊற்றாதீர்கள், செப்டிக் டேங்க்குக்குப் போகும் வழியிலேயே உறைந்து அடைக்கும். ஆறவிட்டுக் காகிதத்தில் துடைத்துக் குப்பையில் போடுங்கள்.

அம்மாவுக்கு ஒன்று. இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுக்கும்படி அந்நாட்டு அரசு எல்லோருக்கும் சொல்கிறது. தெற்காசியத் தோல் நிறத்தவர் ஆண்டு முழுதும் எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்கிறது. மருந்து சாப்பிடுபவர் என்றால் இங்கேயே மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஈசூன்_மலர்:

இருவருக்கும் மிக்க நன்றி. மீனாள் அக்கா, காந்த விஷயம் பெரிய உதவி. இன்னும் இரண்டு கேள்விகள்: இரவில் ஹீட்டிங்கை முழுக்க அணைத்தால் எண்ணெய் மிச்சமாகும் அல்லவா? விறகடுப்பு இருப்பதால் பாய்லரைக் குறைத்துக்கொள்ளலாமா? வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் போடுவோம்.

பாய்லர்_பழனி:

மிச்சமாகும் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அணைத்த இரவில் கல் சுவர் ஆறி, மீனாள் அக்கா சொன்ன ஈரம் அதில்தான் படியும். வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் குழாய்க்கும் ஆபத்து. பகலில் இருக்கும் அறைகளில் குறைந்தது 18 டிகிரி, இரவில் 15. படுக்கையறை ரேடியேட்டர் (பாய்லரின் வெந்நீர் ஓடும் சுவர்ச் சூடாக்கி) வால்வை 2-இல் வையுங்கள், கூடத்தில் 3, அது ஏறக்குறைய 20 டிகிரி. அம்மா படுக்கும் அறையை மட்டும் இரவிலும் 18-க்குக் குறைக்காதீர்கள். இரண்டு நாள் வெளியூர் போனாலும் அணைக்க வேண்டாம், 12-இல் விட்டுச் செல்லுங்கள்.

கணப்பு_காசி:

விறகடுப்பு ஒரு அறையைத்தான் காக்கும், பாய்லருக்கு மாற்று அல்ல. ஆனால் கரண்ட் போகும் நாளில் அதுதான் வீடு. விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். விறகுக்கென்றே மலிவான ஈரமானி கிடைக்கும். கட்டையைப் பிளந்து புதிய முகத்தில் குத்திப் பாருங்கள், வெளித்தோலில் குத்தினால் பொய்க் கணக்கு காட்டும். ஈர விறகு புகைந்து தாராகப் புகைபோக்கியில் படியும், பிறகு அதுவே பற்றிக்கொள்ளும். கண்ணாடிக் கதவு கறுத்துக்கொண்டே வந்தால் விறகு ஈரம், அல்லது காற்றைச் சீக்கிரம் அடைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். இங்கிலாந்தில் 2021 மே முதல் சிறு மூட்டையாக விற்கும் விறகுக்கு உலர்ந்தது என்ற சான்றுமுத்திரை கட்டாயம், அதைப் பார்த்து வாங்குங்கள். வீட்டு நிலக்கரி விற்பனை 2023 மே முதல் தடை.

மூட்டும் முறை நம் விறகடுப்புக்கு நேர்மாறு. அடியில் தடித்த கட்டை இரண்டு, அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சுள்ளி, உச்சியில் தீக்கட்டி. மேலிருந்து பற்ற வைத்தால் புகை கம்மி, புகைக்குழாயும் சீக்கிரம் சூடேறும். காற்று வாயை முழுக்கத் திறந்து 15 முதல் 20 நிமிடம் விட்டுப் பிறகு குறையுங்கள். இரவெல்லாம் கனியட்டும் என்று காற்றை இறுக்கி மூடிவிட்டுத் தூங்காதீர்கள். அடியில் இரண்டு சென்டிமீட்டர் சாம்பலை விட்டு வையுங்கள், விறகுக்கு அது நல்ல படுக்கை. அள்ளும் சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் வெளியே, கல் தரையில் வைத்து நன்றாக ஆறவிடுங்கள். உள்ளே ஒரு நாளுக்கு மேலும் கனல் இருக்கும், நேராகக் குப்பைத் தொட்டியில் கொட்டினால் தொட்டியே எரியும்.

புகைபோக்கி கடைசியாக எப்போது சுத்தம் செய்தது என்ற சான்றைக் கேளுங்கள், குறைந்தது ஆண்டுக்கு ஒரு முறை. விறகடுப்பு உள்ள அறையில் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் வைத்துத் தருவது 2015 அக்டோபர் முதல் வீட்டுக்காரரின் கடமை. போன அன்றே பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். சாம்பிராணிக்குக் கரித்துண்டு கொளுத்துவதை மட்டும் விட்டுவிடுங்கள். மூடிய வீட்டில் அந்தக் கரியே விஷக்காற்று விடும். ஊதுபத்தியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வழித்துணை:

வெளி விஷயம் கொஞ்சம். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் அங்கே எட்டரை மணிக்குச் சற்று முன்தான் விடியும், மாலை மூன்றே முக்காலுக்குச் சூரியன் போய்விடும். சிங்கப்பூருக்கு எட்டு மணி நேரம் பின்னால். கிராமத்தில் தெருவிளக்கு இல்லாமல் இருக்கலாம், நடைபாதையும் இருக்காது. பையனுக்கு ஒளி பிரதிபலிக்கும் மேலங்கி, தலையில் மாட்டும் டார்ச். வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக நடக்க வேண்டும். பனிமழையைவிடச் சேறுதான் அதிகம் என்பதால் முதல் வாரமே ரப்பர் பூட்ஸ் வாங்குங்கள்.

சிங்கப்பூர் லைசென்ஸில் 12 மாதம் ஓட்டலாம், அங்கும் இடப்பக்கம்தான். ஏ684 பெரிய சாலை, அதற்குப் பனி உருக உப்பு போடுவார்கள். கிராமத்துக் கிளைப்பாதைகளுக்குப் பெரும்பாலும் போடமாட்டார்கள், ஓரத்திலுள்ள உப்புப் பெட்டியிலிருந்து நீங்களே தூவலாம். ஹாஸிலிருந்து ஸ்வேல்டேல் பள்ளத்தாக்குக்குப் போகும் பட்டர்டப்ஸ் கணவாய் 500 மீட்டருக்கு மேலே ஏறும், பனி நாளில் ஜிபிஎஸ் காட்டினாலும் அந்த வழி வேண்டாம். கார்க் கண்ணாடிப் பனியைச் சுரண்டியால் எடுங்கள். வெந்நீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும். கண்ணாடி முழுக்கத் தெளியாமல் ஓட்டுவது விதிமீறல்.

ஹாஸில் செவ்வாய்தோறும் சந்தை. டிசம்பர் 25 அன்று பெரிய கடைகள் திறக்கச் சட்டப்படி அனுமதி இல்லை, ரயிலும் ஓடாது. ஞாயிறுகளில் பெரிய கடைக்கு ஆறு மணி நேரம்தான். நம் மளிகைக்கு பிராட்ஃபோர்ட் வரை, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கார்ப்பயணம். அரிசி, பருப்பு, புளி மூன்று வாரத்துக்குக் குறையாமல் வீட்டில் இருக்கட்டும்.

கரண்ட் போனால் 105-க்கு இலவசமாகப் பேசலாம். 2021 நவம்பர் ஆர்வென் புயலில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குக் கரண்ட் போனது, சில ஆயிரம் வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கு மேலாயிற்று. மின் விநியோக நிறுவனத்தின் முன்னுரிமைப் பட்டியலில் அம்மாவின் வயதைச் சொல்லிப் பதியலாம், கட்டணம் இல்லை. ரவுட்டர் வழியாக வரும் வீட்டுத் தொலைபேசி கரண்ட் போனதும் செத்துவிடும், பவர்பேங்க்கை எப்போதும் நிறைத்து வையுங்கள்.

பாய்லர்_பழனி:

வழித்துணை சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் நிறைய இருந்தாலும் கரண்ட் இல்லாமல் பாய்லர் ஓடாது, பர்னரும் பம்ப்பும் மின்சாரத்தில்தான். இண்டக்‌ஷனும் நின்றுவிடும். சமைக்க கேம்பிங் அடுப்பு வைப்பதாக இருந்தால் பியூட்டேன் சிலிண்டர் வேண்டாம், பூஜ்ஜியத்துக்கு அருகில் அது ஆவியாகாது. புரொப்பேன் வாங்கி, வீட்டுக்கு வெளியேதான் பற்ற வைக்க வேண்டும். கரண்ட் திரும்பியதும் ஹீட்டிங் டைமரில் மணி சரியா என்று பாருங்கள். பேட்டரி இல்லாத பழைய டைமர் நின்ற இடத்திலிருந்தே மறுபடி ஓடும், அப்புறம் நடுராத்திரியில் ஹீட்டிங் எரிந்து விடிகாலையில் அணைந்துவிடும்.