டயல் ஒன்று, மெஷின் ஒன்று: இந்த பைலட்டை யாரிடம் கொடுப்பது?

நெல்லைத்தம்பி:
போன வருடம் இணையத்தில் ஒரு எச்.எம்.டி. பைலட் வாட்ச் வாங்கினேன், 1,900 ரூபாய். கறுப்பு டயல், சாவி கொடுக்கிற மாடல். அப்பா கையில் பார்த்தது மாதிரியே வேண்டும் என்று தேடி வாங்கியது. இப்போது ஒரு நாளைக்கு நாலு நிமிடம் பின்னால் போகிறது. ஒரு கடையில் பின்மூடியைத் திறந்து பார்த்தார். "மெஷின் எச்.எம்.டி.தான். டயல் புதுசா அடிச்சது, கேஸ் வேற, முள்ளும் வேற" என்று சொல்லி, மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னொரு கடையிலும் அதே பதில். ஒட்டுப்போட்ட வாட்ச் என்றால் சர்வீஸ் செய்ய ஆளே கிடையாதா?

பழைய டயல்:
தம்பி, இதற்கு மேல் செலவு செய்யாதீர்கள். 1961-இல் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது எச்.எம்.டி. 2016-இல் அந்த வாட்ச் கம்பெனியை மூட அரசு முடிவெடுத்தது. அப்புறம் பழைய வாட்ச்களுக்குத் தேவை கூடியது, கூடவே புது டயல் அடிக்கிற வேலையும். நல்ல பழைய டயலைச் சுரண்டி, அதே தகட்டில் புதுசாக 'பைலட்' என்று அச்சடிக்கிறார்கள். அதை வாங்கிச் சர்வீஸும் செய்தால் அந்த வியாபாரத்துக்குத்தான் தீனி போடுகிறீர்கள். இதே பணத்துக்கு டயல் மங்கிப்போன உண்மையான எச்.எம்.டி. ஜனதா வாட்ச் ஒன்று கிடைக்கும்.

சாவிக்காரன்:
இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாங்குவதற்கு முன்னால் சொல்ல வேண்டியதை வாங்கின பிறகு சொல்கிறீர்கள். சர்வீஸ் மெஷினுக்குத்தான், டயலுக்கு இல்லை. உள்ளே இருப்பது மணிக்கு 18,000 தடவை அடிக்கும், தேய்மானத்தைக் குறைக்க 17 கல் வைத்த மெஷினாகத்தான் இருக்கும். அதே குடும்பத்து மெஷின் ஜனதாவிலும் உண்டு, உதிரிக்குப் பஞ்சமே இல்லை. நம் ஊர் ரிப்பேர்காரர்கள் பிஸ்கட் டப்பாவில் செத்த வாட்ச்களைப் போட்டு வைத்திருப்பது எதற்கு? ஒன்றின் சக்கரத்தை இன்னொன்றில் மாட்டத்தானே. அப்படிப் பார்த்தால் நம் தாத்தாக்கள் கட்டியிருந்த வாட்ச்களில் பாதி ஒட்டுப்போட்டவைதான்.

கடைவீதி:
நான் 26 வருடமாக வாட்ச் ரிப்பேர் தொழிலில் இருக்கிறேன். ஏன் திருப்பிக் கொடுக்கிறோம் என்று சொல்கிறேன்.

அசல் டயலுக்குப் பின்னால் இரண்டு சின்னக் கால்கள் இருக்கும், அவை மெஷினில் இருக்கும் துளையில் உட்காரும். வேறு தகட்டை மாட்டுகிறவர்கள் காலை வெட்டிவிட்டு, இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பால் மெஷின் மேல் ஒட்டிவிடுகிறார்கள். டேப்பின் கனத்துக்கு டயல் மேலே ஏறிக்கொள்ளும். மணி முள் டயலை உரசும். வெயிலில் கோந்து இளகி, கிரவுன் (சாவி கொடுக்கிற குமிழ்) பக்கத்துப் பற்களில் இறங்கும்.

இப்படி ஒன்றைச் சர்வீஸுக்கு வாங்கி முழுசாகக் கழுவி, ஆயில் வைத்துக் கொடுத்தேன். பத்தாம் நாள் டயல் திரும்பி, 12 இருக்க வேண்டிய இடத்தில் 1 நின்றது. கடையில் நாலு பேர் முன்னால் வாட்ச் கொடுத்தவர் கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது: "ஒரிஜினல் டயலை எடுத்துட்டியா?" 600 ரூபாய் வேலைக்குத் திருடன் என்ற பெயர். அதற்குப் பிறகு ஒட்டின டயல் என்று தெரிந்தால் தொடுவதில்லை.

சாவிக்காரன்:
அண்ணா, அந்தக் கேள்வி யாருக்கும் வரக்கூடாது. ஆனால் அது வாட்சின் தப்பு இல்லை. என்ன கலந்திருக்கிறது என்பது அவருக்கும் தெரியவில்லை, உங்களிடமும் யாரும் சொல்லவில்லை. நெல்லைத்தம்பிக்குத் தெரியும். கொடுக்கும்போதே "டயலும் கேஸும் அசல் இல்லை, மெஷினை மட்டும் பாருங்கள்" என்று சொல்லி, பில்லிலும் எழுதச் சொன்னால் யாருக்கு நஷ்டம்?

தம்பி, அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். முழுச் சாவி கொடுத்து, நொடி முள் 12-க்கு வரும்போது நிமிட முள் சரியாகக் கோட்டின் மேல் நிற்கிற மாதிரி வையுங்கள். மொபைலின் நொடிக்கும் வாட்சின் நொடிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு நாலு நிமிடம் என்றால் மூன்று மணி நேரத்துக்கு அரை நிமிடம். நொடி முள்ளே அரை நிமிடம் பிந்தியிருந்தால் மெஷின் மெதுவாக ஓடுகிறது. நொடி முள் சரியாக இருந்து, நிமிட முள் மட்டும் கோட்டுக்கு முன்னாலேயே நின்றால் கேனன் பினியன், அதாவது நிமிட முள் உட்கார்ந்திருக்கிற சின்னக் குழாய்ப் பல்சக்கரம், வழுக்குகிறது.

பழைய டயல்:
சோதனை நல்ல சோதனைதான். என் கவலை வேறு. இன்று சரிசெய்து ஓடுகிற வாட்ச், நாலு வருடம் கழித்து இன்னொருவர் கையில் 'அசல் பைலட், சர்வீஸ் செய்தது' என்று போய்விடும். பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

நெல்லைத்தம்பி:
செய்து பார்த்தேன். நொடி முள்ளில் இரண்டு நொடிதான் வித்தியாசம். நிமிட முள் கோட்டுக்கு வராமல் பாதியில் நிற்கிறது. நேரம் வைக்கும்போதும் முள் எந்தப் பிடிப்பும் இல்லாமல் லேசாகச் சுற்றுகிறது.

கடைவீதி:
அப்படியென்றால் மெஷின் நன்றாக இருக்கிறது தம்பி. கேனன் பினியனைப் பக்கவாட்டில் துளி நசுக்கினால் பிடிப்பு வந்துவிடும். ஆனால் அதிகம் நசுக்கினால் கெட்டுவிடும், கை பழகினவர்தான் செய்ய வேண்டும். முள்ளையும் டயலையும் எடுத்தால்தான் அதைத் தொட முடியும், அதனால் டயலை எப்படித் திரும்ப உட்கார வைப்பார் என்று முதலிலேயே கேளுங்கள்.

கழுவுவதைப் பற்றியும் கேளுங்கள். பேலட்டில், அதாவது சக்கரத்தை ஒவ்வொரு அடிக்கும் நிறுத்தி விடுகிற சின்ன நெம்பில், இருக்கிற இரண்டு சிவப்புக் கற்களும் அரக்கு வைத்து ஒட்டியவை. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், ஒயிட் பெட்ரோலில் கரையாது. "எல்லாத்தையும் ஸ்பிரிட்ல ஊறப் போட்டுடுவேன்" என்றால் வாட்சை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பேலட்டைத் தனியாக எடுத்து வைப்பேன் என்கிறவரிடம் தைரியமாகக் கொடுக்கலாம்.

சாவிக்காரன் சொன்ன மாதிரி முன்கூட்டியே சொல்லி, எழுதியும் கொடுத்தால் நானே வாங்கிக்கொள்வேன். அன்று அவர் சொல்லியிருந்தால் வாங்கிச் சரிசெய்து கொடுத்திருப்பேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய டயல்:
சர்வீஸ் செய்யுங்கள், இனி தடுக்கவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். டயல் புதுசு, கேஸ் வேறு என்று ஒரு சின்னத் தாளில் எழுதி, வாட்ச் டப்பாவில் பில்லோடு வையுங்கள்.

நெல்லைத்தம்பி:
எழுதிவிட்டேன் ஐயா. சனிக்கிழமை ஜங்ஷன் பக்கம் ஒரு பெரியவரிடம் கொண்டுபோகிறேன். போனில் கேட்டதற்கு, பேலட்டை ஸ்பிரிட் பக்கமே காட்ட மாட்டேன் என்றார்.