9ஆம் வகுப்பு சிறுதொழில் செயல்பாடு: பின்பெஞ்சுப் பிள்ளைகளையும் சேர்ப்பது எப்படி?

தேன்கனி_டீச்சர்
வணக்கம். தேன்கனிக்கோட்டை பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளி, 9ஆம் வகுப்பு, 36 பேர். வரும் பிப்ரவரியில் ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு பீரியட் ஒதுக்கி சிறுதொழில் செயல்பாடு, முடிவில் பள்ளிக்குள்ளேயே ஒரு சந்தை. இந்த மாதிரி செயல்பாடுகளில் வழக்கமாகக் காசு கொண்டுவரும் பையன் தலைவன் ஆகிவிடுகிறான், பெண் பிள்ளைகள் பொட்டலம் கட்டுகிறார்கள், மீதிப் பேர் வேடிக்கை. காதுக் கருவி போட்ட மாணவி ஒருவர், பார்வை குறைந்த மாணவர் ஒருவர் இருக்கிறார்கள். பலருக்கு வீட்டில் தெலுங்கோ கன்னடமோதான். என்ன பொருள் எடுக்கலாம், குழுவை எப்படிப் பிரிக்கலாம்?

புளியந்தோப்பு
முதல் விஷயம், வீட்டிலிருந்து பணமோ பொருளோ கொண்டுவரச் சொல்லாதீங்க. ஆறு பேர் வீதம் ஆறு குழு. குழுவுக்கு 225 ரூபாய் பள்ளியே கடனாகக் கொடுத்து, சந்தை முடிந்ததும் வாங்கிக்கொள்ளட்டும்.

சமைத்த பலகாரம் வேண்டாம். யார் வீட்டில் செய்தது என்று விசாரித்து வாங்கும் பழக்கம் வகுப்புக்குள் வந்துவிடும். குழுவையும் தெருவாரியாகச் சேர விடாமல் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்க.

நம்ம மாவட்டத்துக்கு அந்த மாதத்தில் புளிதான் தோது. ஓட்டோடு உள்ள புளியில் சதை 55 சதவீதம், கொட்டை 34, ஓடும் நாரும் 11 என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். கிலோ 40 ரூபாய் என்று வைத்தால் (அன்றைய விலையைப் பிள்ளைகளே சந்தையில் கேட்டு வரட்டும்) 5 கிலோ 200 ரூபாய். கிடைக்கும் சதை 2.75 கிலோ, அதாவது கால் கிலோ பொட்டலம் 11. கவர் இரண்டு ரூபாய் வீதம் 22. மொத்தச் செலவு 222. பொட்டலம் 25 ரூபாய்க்கு விற்றால் வரவு 275, மிச்சம் 53.

எல்லாரும் இங்கே கைதட்டி முடித்துவிடுவார்கள். நீங்க முடிக்காதீங்க. ஆறு பேர் 40 நிமிட பீரியட் இரண்டு உட்கார்ந்து உரித்தால் 8 மணி நேர உழைப்பு. 53ஐ எட்டால் வகுத்தால் மணிக்கு ஆறே முக்கால் ரூபாய்கூடத் தேறாது. இந்தப் பக்கம் வீட்டுத் திண்ணைகளில் புளி தட்டும் அம்மாக்களின் கூலி ஏன் அவ்வளவு குறைவு என்பது பிள்ளைகளுக்கு அந்த ஒரு வகுத்தலில் புரியும். பிறகு விலையை ஏற்றலாமா, கொட்டையைத் தனியாக விற்கலாமா என்று யோசிக்கட்டும்.

புளியை ஒரு நாள் வெயிலில் காயவைத்துத் தொடங்குங்க. ஈரம் இருந்தால் ஓடு சதையோடு ஒட்டிக்கொள்ளும், அப்படியே கட்டினால் கவருக்குள் வேர்த்துப் பூஞ்சை வரும். வெளியே விற்பதானால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும், பள்ளிச் சந்தையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வளமையம்
மாணவியைப் பற்றி: கருவி போட்டிருப்பதால் எல்லாம் கேட்கிறது என்று நினைக்க வேண்டாம். கருவி இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும். ஆறு குழு ஒரே அறையில் பேசினால் அவருக்கு எதுவுமே பிரியாது. அவர் குழுவை வராந்தாவிலோ மரத்தடியிலோ உட்கார வையுங்க, வட்டமாக, வெளிச்சம் பேசுகிறவர் முகத்தில் விழும்படி. பேசப்போகிறவர் முதலில் கை தூக்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒருவர்தான். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசுவதை நாமும் விடணும்.

பார்வை குறைந்த மாணவருக்கு விலைப்பட்டியலைத் தடித்த கறுப்பு மார்க்கரில், பளபளப்பு இல்லாத தாளில் எழுதுங்க. ஓடு உரிப்பது கைத்தடவலிலேயே வரும். ஆனால் அதிலேயே அவரை உட்கார வைத்துவிடாதீங்க, கல்லாவிலும் உட்காரட்டும். 100, 200, 500 நோட்டுகளின் ஓரத்தில் தடவிப் பார்க்கச் சாய்கோடுகள் உண்டு. சந்தையில் அதிகம் புழங்கும் பத்து, இருபதில் கிடையாது. புதிய வரிசையில் பத்து ரூபாய் 123 மி.மீ. நீளம், இருபது 129, ஐம்பது 135. அட்டையில் இந்த மூன்று அளவுக்கும் வெட்டுக் குறி போட்டுக் கொடுத்தால் நோட்டை வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். பழைய வரிசை நோட்டுக்கு இந்த அட்டை பொருந்தாது, அதைத் தனியாக ஒதுக்கச் சொல்லுங்க. போன் இருந்தால் ரிசர்வ் வங்கியின் 'மணி' செயலி நோட்டைப் பார்த்துக் குரலில் சொல்லும்.

வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைச் சந்தைக்கு முதல் நாள் கூப்பிட்டுப் பயனில்லை, திட்டமிடும்போதே கூப்பிடுங்க.

தேன்கனி_டீச்சர்
நன்றி. வேலையைச் சுழற்சியில் விட்டால் வியாபாரம் படுத்துவிடும், நன்றாகப் பேசுகிறவனையே விற்கவிடலாம் என்கிறார்கள் சக ஆசிரியர்கள். செய்யலாமா?

அஞ்செட்டி_ரோடு
வியாபாரம் கொஞ்சம் படுக்கட்டும் மேடம். லாபத்துக்குப் பரிசு கொடுத்தால் எந்தக் குழுவும் சுழற்சியை மதிக்காது, அதனால் லாபத்துக்கு மதிப்பெண்ணே வேண்டாம். வாங்குவது, உரிப்பது, எடை போடுவது, கணக்கு, விற்பது, சரிபார்ப்பது என்று ஆறு பொறுப்பு, வாரம் ஒன்று மாறட்டும். சந்தை அன்று விற்பவரும் கல்லாவும் மட்டும் 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறினால் போதும். கால்குலேட்டர் கணக்கு எழுதுபவர் கையில்தான் இருக்கணும், இல்லாவிட்டால் வேகமான பையன் பிடுங்கிக்கொள்வான்.

விலை விசாரிக்கப் போகும்போது வீட்டு மொழியிலேயே கேட்கட்டும், தமிழில் எழுதட்டும். தளி, ஓசூர் பக்க வாரச்சந்தையில் தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளையைவிடத் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளை நன்றாகப் பேரம் பேசும்.

மதிப்பீடு தனித்தனியாக, ஆளுக்கு மூன்று நிமிடம்: "ஒரு பொட்டலத்துக்கு அடக்க விலை என்ன? எப்படி வந்தது?" வாயால் சொல்லலாம், எழுதலாம், வரைந்தும் காட்டலாம். குழுக் கணக்கைப் பார்த்து ஆறு பேருக்கும் ஒரே மார்க் போட்டால் மறுபடி அந்த ஒரு பையன்தான் செய்வான். இரண்டு மூன்று நாள் வராமல் போகும் பிள்ளைகளுக்காக, ஒவ்வொரு பீரியட் கடைசியிலும் "இன்று என்ன செய்தோம், அடுத்து என்ன" என்று நான்கு வரி குழு நோட்டில் எழுதி வையுங்க. திரும்பி வருகிறவர் அதைப் படித்துவிட்டு அன்றைய பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம்.