ஹெர்மிஸ் திருடினால் சிரிப்பு, புரோமிதியஸ் திருடினால் கழுகா?

செங்கதிர்:
கிரேக்கப் புராணத்தில் திருட்டு என்று வந்தால் இரண்டு கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹெர்மிஸ் பிறந்த அன்றைக்கே, தொட்டிலில் கிடக்க வேண்டிய வயதில், அண்ணன் அப்பல்லோவின் மந்தையிலிருந்து 50 மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிறான். மாட்டிக்கொண்டதும் தேவர்களின் அரசனான அப்பா ஜீயஸ் முன்னால் நின்று கூசாமல் மறுக்கிறான். ஜீயஸ் வாய்விட்டுச் சிரிக்கிறார். கடைசியில் அவனுக்குப் பொற்கோல், தூதர் பதவி, தேவர்கள் வாழும் ஒலிம்பஸில் இடம் எல்லாம் கிடைக்கிறது.

டைட்டன்கள் என்ற பழைய தேவர் வம்சத்தில் வந்த புரோமிதியஸ் எடுத்தது கொஞ்சம் நெருப்பு. அதுவும் தனக்காக இல்லை, ஜீயஸ் ஒளித்து வைத்துவிட்டதால் நெருப்பில்லாமல் கிடந்த மனிதர்களுக்காக. அவனைச் சங்கிலியில் பூட்டி, பகலெல்லாம் கழுகு ஈரலைத் தின்னவும் ராத்திரியில் அது திரும்ப வளரவும் மறுநாள் கழுகு மறுபடி வரவும் ஏற்பாடு செய்தவரும் அதே ஜீயஸ்தான்.

என் கட்சி இது: அந்த உலகத்தில் திருட்டு ஒரு குற்றமே இல்லை, யார் வீட்டுப் பிள்ளை திருடினான் என்பதுதான் கணக்கு. மாற்றிச் சொல்ல இருப்பவர்கள் வாருங்கள்.

நிலாமதி:
செங்கதிர் அண்ணா, கதைச் சுருக்கத்தை வைத்துக்கொண்டு ஹெர்மிஸைச் செல்லப்பிள்ளை ஆக்கிவிட்டீர்கள். ஹோமர் பெயரில் வழங்கும் துதிப்பாடலில் கிட்டத்தட்ட 580 அடிகளுக்கு இந்தக் கதை முழுசாக இருக்கிறது, அதில் அவன் நிலைமை அப்படி இல்லவே இல்லை. அம்மா மையா மற்ற தேவர்களோடு சேராமல் ஆர்க்கேடியாவில் கில்லீனி மலைக் குகையில் ஒதுங்கி இருப்பவள். ஹீரா தூங்கும் நேரம் பார்த்து ஜீயஸ் ராத்திரியில் வந்துபோன இடம் அது. மாட்டைத் திருடிவிட்டு வந்த மகனை அவள் திட்டுகிறாள். அவன் திருப்பிச் சொல்வது என்ன தெரியுமா? படையலும் இல்லாமல் வேண்டுதலும் இல்லாமல் இந்தக் குகையில் கிடக்க மாட்டேன், அப்பல்லோவுக்கு உள்ள மரியாதை எனக்கும் வேண்டும், அப்பா தராவிட்டால் திருடர்களுக்குத் தலைவன் ஆவேன், அப்பல்லோவின் டெல்ஃபி வீட்டுக்கே கன்னம் வைத்து அண்டாவும் பொன்னும் இரும்பும் துணிமணியும் அள்ளிக்கொண்டு வருவேன் என்கிறான். உள்ளே இடம் கிடைத்த பிள்ளை பேசுகிற பேச்சா இது?

அப்புறம் அந்தக் களவின் நுணுக்கத்தைப் பாருங்கள். மாடுகளைப் பின்பக்கமாக நடக்க வைத்து ஓட்டுகிறான், குளம்புத் தடம் எதிர்த்திசையைக் காட்டும். தன் காலடி தெரியாமல் இருக்கக் குச்சியும் தழையும் பின்னிச் செருப்பு செய்துகொள்கிறான். தேடி வந்த அப்பல்லோ தடத்தைப் பார்த்துவிட்டு இது ஆணுடையதும் இல்லை, பெண்ணுடையதும் இல்லை, ஓநாய், கரடி, சிங்கம் எதுவுமே இல்லையே என்று திகைத்து நிற்கிறான். ஜீயஸ் முன்னால் சொன்ன மறுப்பும் அப்படித்தான். மாடுகளை என் வீட்டுக்கு ஓட்டவில்லை, வாசற்படியைத் தாண்டவில்லை என்கிறான். இரண்டுமே நிஜம். மாடுகள் போனது அல்ஃபியஸ் ஆற்றங்கரைத் தொழுவத்துக்கு. இவன் வீட்டுக்குள் நுழைந்தது சாவித்துவாரம் வழியாக. ஜீயஸ் சிரித்தது இந்தச் சாமர்த்தியத்துக்கு. சிரித்துவிட்டுச் சும்மா இருக்கவும் இல்லை, போய் மாட்டைக் காட்டு என்று உத்தரவு போடுகிறார், இவனும் காட்டுகிறான். அதன் பிறகு ஆமையோட்டில் ஏழு நரம்பு கட்டி, தானே செய்த யாழை அப்பல்லோவுக்குக் கொடுக்கிறான், அப்பல்லோ மாடு மேய்க்கும் உரிமையை இவனுக்குத் தருகிறான். களவாக ஆரம்பித்தது கொடுக்கல் வாங்கலாக முடிகிறது. தண்டனை இல்லாமல் போனதற்கு அதுதான் காரணம்.

கார்முகில்:
அண்ணன் மாட்டை எடுப்பதும் ஆட்சியில் இருக்கிறவனின் ஆணையை மீறுவதும் ஒன்றா? முதலாவது பங்காளிச் சண்டை. இரண்டாவது ராஜத்துரோகம். இரண்டையும் திருட்டு என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் எப்படி? ஒரு கேள்வி: புரோமிதியஸ் அப்பல்லோவின் மாட்டை எடுத்திருந்தால் கழுகு வந்திருக்குமா?

செங்கதிர்:
கார்முகில், நீங்கள் கேட்டது என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. ஆட்சியில் இருப்பவரைத் தொட்டால் தண்டனை, மற்றவரைத் தொட்டால் சிரிப்பு என்றால் அது நியாயம் இல்லை, ஆள் பார்த்து நடக்கிற காரியம்.

//களவாக ஆரம்பித்தது கொடுக்கல் வாங்கலாக முடிகிறது//

நிலாமதி, புரோமிதியஸுக்கு அந்த வாய்ப்பு எங்கே கிடைத்தது? ஹெர்மிஸை அப்பல்லோ கூட்டிக்கொண்டு போய் அப்பா முன்னால் நிறுத்துகிறான், இரண்டு தரப்பும் பேசுகிறது, ஜீயஸ் கேட்கிறார். புரோமிதியஸுக்கு விசாரணையே கிடையாது. இத்தனைக்கும் ஏதென்ஸ்காரர்கள் அவனைக் குற்றவாளியாக நினைக்கவில்லை. பிளேட்டோ பாடம் நடத்திய அகாடமியில் அவனுக்குப் பலிபீடம் இருந்தது, அங்கிருந்து நகரம் வரைக்கும் பந்தம் ஏந்தி ஓடும் போட்டி நடந்தது. முந்தி ஓடினால் மட்டும் போதாது, கையில் இருக்கும் பந்தம் அணையாமல் போய்ச் சேர வேண்டும், அணைந்தால் தோல்வி. நெருப்பை அவன் கொண்டுவந்த மாதிரியே ஒவ்வொரு ஓட்டக்காரனும் கொண்டு போகிறான். திருடனுக்கு ஓர் ஊர் இப்படியா விழா எடுக்கும்?

நிலாமதி:
ஹெர்மிஸுக்கும் எடுத்தார்கள் அண்ணா. சாமோஸ் தீவில் ஹெர்மிஸுக்குப் பலி கொடுக்கும் நாளில் யார் வேண்டுமானாலும் திருடிக்கொள்ளலாம் என்று அனுமதியே உண்டு, புளூடார்க் எழுதி வைத்திருக்கிறார். அதனால் விழாவை வைத்து முடிவு சொல்ல முடியாது.

புரோமிதியஸ் கதையை நீங்கள் நெருப்பிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியட் மெகோனே என்ற ஊரிலிருந்து ஆரம்பிக்கிறார். அங்கே தேவர்களுக்கும் மனிதர்களுக்கும் பங்கு பிரிக்கும்போது புரோமிதியஸ் நல்ல இறைச்சியை மாட்டு இரைப்பைக்குள் திணித்துப் பார்க்க அருவருப்பாக வைத்தான், வெறும் எலும்பை மினுமினுக்கும் கொழுப்பில் சுற்றி அழகாக வைத்தான், இதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஜீயஸிடம் சொன்னான். ஜீயஸுக்குச் சூது புரிந்தும் எலும்பையே எடுத்தார் என்கிறார் ஹெசியட். அந்தக் கோபத்தில்தான் நெருப்பு மறைக்கப்பட்டது. இப்போது ஹெர்மிஸைப் பாருங்கள். அவனும் அல்ஃபியஸ் கரையில் இரண்டு மாடுகளை அறுத்துப் பங்கு பிரிக்கிறான். சரியாக 12 பங்கு, சீட்டுப் போட்டு, ஒவ்வொன்றிலும் மரியாதைப் பங்கும் வைத்து. வெந்த இறைச்சியின் மணம் அவனை என்னவோ செய்கிறது, ஆனாலும் ஒரு துண்டு வாயில் போடவில்லை. ஒருவன் திருடிய மாட்டை நேர்மையாகப் பிரிக்கிறான். இன்னொருவன் பொதுவில் இருக்கும் மாட்டைக் கள்ளக் கணக்காகப் பிரிக்கிறான். நெருப்புக்கு முன்னாலேயே இந்த வித்தியாசம் வந்துவிட்டது.

செங்கதிர்:
பொதுவில் இருக்கும் மாடா? பங்கு கேட்கிறவரே தீர்ப்பும் சொல்கிறவராக உட்கார்ந்திருக்கும் இடத்தில் பொது என்று ஒன்று இருக்க முடியாது. பலமில்லாதவன் பக்கம் நின்றவன் கையில் சூதைத் தவிர வேறு என்ன ஆயுதம் இருந்தது? அந்தச் சூதால்தான் பலி கொடுத்த மாட்டின் இறைச்சி மனிதன் வயிற்றுக்கும் எலும்பும் புகையும் தேவர்களுக்கும் என்று ஆனது.

பரிதி:
இவ்வளவு நேரம் படித்தேன். இரண்டு பேரும் திருடனின் பக்கத்தில் நின்றுகொண்டு எந்தத் திருடன் நல்லவன் என்று பேசுகிறீர்கள். ஏமாந்தவன் பக்கத்திலிருந்து ஒருவராவது பேசுங்கள். பாலமிடிஸ் என்ற கிரேக்க வீரனின் பெயரை இன்னும் யாருமே எடுக்கவில்லை.

ட்ராய்ப் போருக்குப் போகாமல் இருக்க இத்தாக்கா மன்னன் ஒடிசியஸ் பைத்தியக்கார வேஷம் போட்டு ஏர் ஓட்டுகிறான். அவன் கைக்குழந்தை டெலமாக்கஸைத் தூக்கி ஏர் வரும் வழியில் வைத்து வேஷத்தைக் கலைத்தவன் பாலமிடிஸ். ஒடிசியஸ் இதை மறக்கவே இல்லை. போர்க்களத்தில் ஒரு கைதியைப் பிடித்து ட்ராய் மன்னன் பிரியாம் எழுதுவது போலப் பாலமிடிஸுக்கு ஒரு கடிதம் எழுத வைக்கிறான். பாலமிடிஸின் கூடாரத்தில் தங்கத்தைப் புதைக்கிறான். கடிதத்தை முகாமில் கண்ணில் படும் இடத்தில் போடுகிறான். கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னான் படிக்கிறான், கூடாரத்தைத் தோண்டினால் தங்கம் இருக்கிறது. குற்றமே செய்யாதவனைச் சொந்தப் படைக்காரர்களே கல்லால் அடித்துக் கொல்கிறார்கள். இதில் எந்த யாழை யார் யாருக்குக் கொடுத்தார்கள்? ஒடிசியஸ் யார் பரம்பரை? தாத்தா ஆட்டோலிக்கஸ், அவனுக்குத் திருட்டு வரம் கொடுத்ததே நீங்கள் கொண்டாடும் ஹெர்மிஸ்தான்.

இந்தக் கொலையைப் பற்றி ஹோமர் வாயே திறக்கவில்லை. இலியட், ஒடிசி இரண்டு பெரிய காவியங்களிலும் பாலமிடிஸின் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. தந்திரக்காரனைக் கதாநாயகன் ஆக்கினால் அவனிடம் ஏமாந்தவனுக்குக் கதையில் இடமே இல்லாமல் போகும்.

நிலாமதி:
பரிதி, பாலமிடிஸ் விஷயத்தில் ஒடிசியஸுக்காக வாதாட எனக்கு எதுவுமே இல்லை, அது படுபாதகம். ஆனால் அதற்காக ஆட்டோலிக்கஸ் வழியாக ஹெர்மிஸ் வரைக்கும் இழுக்காதீர்கள். ஒடிசியின் 19ஆம் காண்டத்தில் ஆட்டோலிக்கஸ் களவிலும் சத்தியம் செய்வதிலும் எல்லாரையும் மிஞ்சியவன் என்று வருகிறது, சத்தியத்தைப் பொய்யாகாமல் வளைக்கத் தெரிந்தவன் என்ற அர்த்தத்தில்தான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன். அவனுக்கும் எதிராளி கிடைக்காமல் இல்லை. கொரிந்து மன்னன் சிசிபஸின் மாடுகளை அவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கடத்துகிறான், மாட்டின் நிறத்தையும் கொம்பையும் மாற்றிவிடுவதால் யாராலும் அடையாளம் சொல்ல முடியவில்லை. தன் மந்தை குறைவதும் அவன் மந்தை பெருகுவதும் சிசிபஸ் கண்ணில் படுகிறது. ஒவ்வொரு மாட்டின் குளம்புக்கு அடியிலும் ஒரு குறி போட்டு வைக்கிறான். போய்க் காலைத் தூக்கிப் பார்த்ததும் கதை வெளியே வந்துவிடுகிறது. மேல்தோலை மாற்றத் தெரிந்தவனுக்கு அடிக்குளம்பு நினைவில் இல்லை. தந்திரத்துக்குப் பதில் தந்திரம். யாரையும் கல்லால் அடித்துக் கொல்லவில்லை.

இன்னொன்று, ஒடிசியஸிடம் தந்திரம் இல்லாவிட்டால் ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸின் குகையில் மிச்சமிருந்த ஆட்களும் தின்னப்பட்டிருப்பார்கள். ஆட்டு வயிற்றுக்கு அடியில் தொங்கிக்கொண்டு தப்பித்தவனை ஏமாற்றுக்காரன் என்று திட்ட எனக்கு மனசு வரவில்லை.

பரிதி:
//யாரையும் கல்லால் அடித்துக் கொல்லவில்லை//

சிசிபஸ் என்ன செய்தான் என்பதையும் சொல்லியிருக்கலாம். ஆட்டோலிக்கஸின் மகள் ஆன்டிக்ளியாவோடு கூடினான், ஒடிசியஸ் அவனுக்குப் பிறந்தவன் என்றே ஒரு கதை உண்டு. இரண்டு ஆண்களின் மாட்டுத் தகராறில் இழுபட்டவள் ஒரு பெண். இங்கேயும் பாதிக்கப்பட்டவளின் கணக்கை விட்டுவிட்டீர்கள் நிலாமதி.

இது இந்தக் காலத்துப் பார்வை என்று யாரும் கிளம்ப வேண்டாம். கிரேக்கர்களே கேட்ட கேள்விதான். மனிதர்களிடம் எதெல்லாம் இழிவோ அதையெல்லாம், களவையும் பிறன்மனை சேர்வதையும் ஒருவரை ஒருவர் ஏமாற்றுவதையும், ஹோமரும் ஹெசியடும் தெய்வங்கள் தலையில் ஏற்றிவிட்டார்கள் என்று கிமு 6ஆம் நூற்றாண்டில் பிறந்த கவிஞர் செனோஃபனிஸ் அப்போதே எழுதிவிட்டார். ஹோமர் ஒதுக்கிய பாலமிடிஸை ஈஸ்கிலஸ், சோஃபோக்ளிஸ், யூரிபிடிஸ் மூன்று பேருமே நாடகமாக எழுதினார்கள், ஒன்றுகூட முழுசாக நம் கைக்கு வரவில்லை. சாக்ரடீஸ் கிமு 399இல் மரண தண்டனை கேட்ட பிறகு செத்தவர்கள் உலகத்தில் பாலமிடிஸைச் சந்தித்து, அநியாயத் தீர்ப்பால் செத்த தன் அனுபவத்தையும் அவன் அனுபவத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று சொல்வதாகப் பிளேட்டோ எழுதுகிறார். ஒடிசியஸ் மாதிரிக் கெட்டிக்காரனாக இருக்க அவர் ஆசைப்படவில்லை.

கார்முகில்:
சோஃபோக்ளிஸின் ஃபிலோக்டிடிஸ் நாடகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கிமு 409இல் அரங்கேறியது. கால் புண்ணோடு லெம்னோஸ் தீவில் தனியாக விடப்பட்ட மனிதனிடமிருந்து வில்லை ஏமாற்றி வாங்கும்படி அகிலிஸின் மகன் நியோப்டாலமஸை ஒடிசியஸ் தூண்டுகிறான். பையனும் வாங்கிவிடுகிறான். அப்புறம் அவனால் தாங்க முடியவில்லை. ஒடிசியஸ் மிரட்ட மிரட்ட வில்லைத் திருப்பிக் கொடுக்கிறான்.

நிலாமதி:
நான் சொல்வதும் அதையேதான் கார்முகில்! திருப்பிக் கொடுக்கிற இடத்தில்தான் அந்தக் கதை நிமிர்கிறது. ஹெர்மிஸுக்கும் அதே அளவுகோல், நியோப்டாலமஸுக்கும் அதே அளவுகோல். ஒடிசியஸ் பாலமிடிஸுக்கு எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. அதனால்தான் பாலமிடிஸின் அப்பா நாப்ளியஸ் யூபோயா தீவின் கஃபேரியஸ் முனையில் பொய் விளக்கு ஏற்றித் திரும்பி வந்த கிரேக்கக் கப்பல்களைப் பாறையில் மோத வைத்தான். ஈடு செய்யப்படாத ஏமாற்று அப்படியே தொடர்ந்துகொண்டு போகிறது. இதில் பிறப்பு எங்கே வருகிறது செங்கதிர் அண்ணா?

செங்கதிர்:
பிறப்பு எங்கே வருகிறது என்றால், யாரிடம் ஈடு வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கிறார்கள் என்பதில் வருகிறது. நீங்கள் சொல்லும் கொடுக்கல் வாங்கல் நடக்க வேண்டுமானால் எதிரில் ஒருவர் உட்கார வேண்டும். ஹெர்மிஸுக்கு எதிரில் அப்பல்லோ உட்கார்ந்தான், ஏனென்றால் இருவரும் ஒரே தகப்பன் மக்கள், தகப்பனே பக்கத்தில் இருந்து சமாதானம் பண்ணிவைத்தார். அப்பல்லோவின் மாட்டை ஒரு சாதாரண மேய்ப்பன் திருடிவிட்டு யாழ் நீட்டியிருந்தால் வாங்கியிருப்பானா? தன்னோடு இசைப் போட்டிக்கு வந்து தோற்ற மார்சியஸை உயிரோடு தோலுரித்தவன் அந்த அப்பல்லோ. அவனிடம் மார்சியஸ் திருடக்கூட இல்லை.

புரோமிதியஸ் எப்படி விடுதலை ஆனான் என்பதையும் ஹெசியட் சொல்கிறார், அதை யாரும் இங்கே எடுக்கவில்லை. ஹெராக்ளிஸ் வந்து கழுகைக் கொல்கிறான். ஜீயஸ் அதைத் தடுக்கவில்லை. புரோமிதியஸ் செய்தது சரி என்று மனசு மாறியதால் இல்லை, தன் மகன் ஹெராக்ளிஸின் புகழ் பூமியில் இன்னும் ஓங்க வேண்டும் என்பதற்காக. அந்த மகனுக்காகத்தான் கோபத்தையே விட்டார் என்று அப்பட்டமாக எழுதியிருக்கிறார். நெருப்பு திரும்பி வரவில்லை, மனிதர்கள் இன்றைக்கும் வைத்திருக்கிறார்கள், இறைச்சிப் பங்கும் மாறவில்லை. புரோமிதியஸ் எதையும் ஈடு கட்டவில்லை நிலாமதி, ஆனாலும் சங்கிலி தளர்ந்தது, ஜீயஸின் பிள்ளை ஒருவனுக்கு அதனால் பெயர் கிடைக்கும் என்றதும். இதற்கு உங்கள் அளவுகோலில் என்ன பதில் இருக்கிறது?