கிராண்ட் கேன்யன் ஒரு நாள் நடை: தெற்கு கைபாப் பாதை குறித்து ஆலோசனை தேவை

குழுவினருக்கு வணக்கம். அக்டோபர் மூன்றாம் வாரத்தில் நானும் என் மைத்துனரும் அரிசோனாவின் கிராண்ட் கேன்யனில், தெற்கு கைபாப் பாதை வழியாகக் கொலராடோ ஆறுவரை இறங்கி, அன்றே பிரைட் ஏஞ்சல் பாதையில் மேலேற எண்ணியிருக்கிறோம். ஏறத்தாழ 26 கிலோமீட்டர் நடை. இறக்கம் மட்டுமே 1,400 மீட்டருக்கு மேல். ஒரே நாளில் ஆற்றுக்குப் போய்த் திரும்ப வேண்டாம் என்று பூங்கா நிர்வாகம் எச்சரிப்பதை அறிந்தே கேட்கிறேன்.

தெற்கு கைபாப் பெரும்பாலும் மலைமுகட்டின் மேலேயே செல்வதால் நிழலும் இல்லை, வழியில் குடிநீரும் இல்லை. எனக்கு அதைவிடக் கவலை தருவது படிகள்தான். குறுக்கே பதித்த கட்டைகளுக்கு இடையிலுள்ள மண்ணைக் கோவேறு கழுதைகளின் குளம்புகள் குழியாக்கிவிடுவதால், ஒவ்வோர் அடியும் முழங்காலில் இறங்கும் என்கிறார்கள். மைத்துனருக்கோ இடது முழங்காலில் பழைய வலி உண்டு. (ஊன்றுகோல் வாங்கச் சொன்னால் சிரிக்கிறார்.)

ஆற்றுவரை இறங்காமல், டிப்ஆஃப் என்னுமிடத்தில், இவ்விரு பாதைகளையும் குறுக்கே இணைக்கும் டோன்டோ பாதைக்குத் திரும்பி, பிரைட் ஏஞ்சல் பாதையிலுள்ள ஹவசுபாய் கார்டன்ஸ் சென்று, அங்கிருந்து ஏறுவது எங்களுக்கு ஏற்றதாக இருக்குமா? அவ்வழியில் நடந்தவர்கள், டோன்டோ பகுதியைக் கடக்க எவ்வளவு நேரம் ஆயிற்று, ஆளுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் செலவாயிற்று, தெற்கு கைபாப்பின் மேற்பகுதியிலுள்ள சீடர் ரிட்ஜிலேயே திரும்பிவிடுவது நல்லது என்று எந்த அறிகுறியை வைத்து முடிவு செய்யலாம் என்பதைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.