மெயின் ஒன்று போதுமா, ஆல்ட் பத்து வேண்டுமா? (வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்)

கருங்கேடயம்:
2008 கடைசியில், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆன்லைன் விளையாட்டில் ராத் ஆஃப் த லிச் கிங் விரிவாக்கம் வந்த சமயத்தில் ஒரு மனிதப் பாலடினை (புனித வீரனை) உருவாக்கினேன். இன்று வரை அவன்தான் டேங்க் (முன்னால் நின்று அடி வாங்குபவன்), அவன்தான் எல்லாம். அவன்தான் என் மெயின், அதாவது முதன்மைக் கதாபாத்திரம்; ஆல்ட் எனப்படும் கூடுதல் கதாபாத்திரம் என்னிடம் கிடையாது.

போன புதன்கிழமை எங்கள் கில்டில் (ஆட்டக் குழுவில்) நடந்ததால்தான் இந்த விவாதத்தைத் தொடங்குகிறேன். மிதிக் ரெய்டுக்கு, அதாவது மிகக் கடினமான கூட்டுச் சண்டைக்கு, 20 பேர் கூடியிருந்தோம். மற்றவர்களைக் குணப்படுத்தும் நான்கு ஹீலரில் இரண்டு பேர், மெயின் அலுத்துவிட்டது, இந்த வாரம் ஆல்ட்டில் ஆடுகிறோம் என்று வந்து நின்றார்கள். ஒருவருடைய கியர் (ஆயுதம், கவசம்) மற்றவர்களைவிட ரொம்பவே பின்தங்கியிருந்தது. இன்னொருவருக்கு எந்தக் கூல்டவுனை (ஒருமுறை பயன்படுத்தினால் காத்திருக்க வேண்டிய திறனை) எப்போது அழுத்த வேண்டும் என்பதே கைக்குப் பழகவில்லை. மூன்று மணி நேரம் ஒரே பாஸிடம் செத்துச் செத்து எழுந்தோம்.

ஒரு கிளாஸை (வீரன், மந்திரவாதி போன்ற வகையை) முழுசாகக் கற்கவே பல வருடம் பிடிக்கிற விளையாட்டு இது. பத்துப் பேரை வைத்துக்கொண்டு எதைக் கற்கிறீர்கள் என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மழைக்குருவி:
அண்ணா, அந்த இரண்டு பேர் செய்தது தப்புதான். ஆனால் அது தயாராகாமல் வந்த தப்பு. மெயினிலும் அப்படி வருகிறவர்கள் உண்டு.

எதைக் கற்கிறோம் என்று கேட்டீர்கள், சொல்கிறேன். ஆறு வருடம் ட்ரோல் இன மேஜ் (மந்திரவாதி) மட்டும்தான் ஆடினேன். காலடியில் நெருப்பு விழுந்தாலும் காஸ்ட்டை (மந்திரத்தை) முடித்துவிட்டுத்தான் நகர்வேன், ஹீலர் பார்த்துக்கொள்வார் என்ற தைரியம். அப்புறம் 2016இல் ஒரு நைட் எல்ஃப் இன ப்ரீஸ்ட்டை (குணப்படுத்தும் பூசாரியை) உருவாக்கினேன். ஒரு டஞ்சனில் (சிறு குழுவாக நுழையும் நிலவறையில்) முன்பின் தெரியாத மேஜ் ஒருவர், என்னைப் போலவே, நெருப்பில் நின்று ஃபயர்பால் காஸ்ட் செய்துகொண்டிருந்தார். அவருடைய ஹெல்த் பார் பாதிக்குக் கீழே இறங்குகிறது. அதே நேரம் டேங்க்குக்கும் பெரிய அடி. என் மானாவில் (மந்திர சக்தியில்) மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஃப்ளாஷ் ஹீலுக்குத்தான். மேஜுக்குப் போட்டேன். டேங்க் செத்தார், அடுத்த பத்து நொடியில் எல்லோரும் செத்தோம். அன்றிலிருந்து மேஜில் ஆடும்போது காஸ்ட்டைப் பாதியில் விட்டுவிட்டு நகர்கிறேன். ஆறு வருடம் யார் சொல்லியும் ஏறாத பாடம் அது.

தொழில் விஷயமும் இருக்கிறது. ஒரு கதாபாத்திரத்துக்கு முதன்மைத் தொழில் இரண்டுதான். என் டாரன் இன ட்ரூயிட் மூலிகை பறித்து ரசவாதம் செய்கிறாள், மேஜ் துணி தைத்து என்சான்ட் போடுகிறாள். ரெய்டுக்கான ஃப்ளாஸ்க் என்ற மருந்தை நான் ஆக்‌ஷன் ஹவுஸில் (ஏலக் கடையில்) வாங்கியதே இல்லை.

பழையபடை:
நீங்கள் இரண்டு பேரும் ஆடுகிறவர்களின் குணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். விளையாட்டு எப்படிக் கட்டப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2012இல் மிஸ்ட்ஸ் ஆஃப் பண்டாரியா விரிவாக்கம் வந்தபோது மவுண்ட் (சவாரி விலங்கு), பெட், சாதனைகளில் பெரும்பாலானவை கணக்கு முழுவதற்கும் பொதுவாயின. ஆல்ட் வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய வரம். பிறகு அதே பாதையில் பின்னோக்கிப் போனார்கள். 2016 லீஜியனில் ஆர்ட்டிஃபாக்ட் ஆயுதம், அதற்கு ஊட்ட ஊட்டத் தீராத பவர். 2018இல் கழுத்தில் ஹார்ட் ஆஃப் அஸெராத் என்ற மாலை, அதற்கும் அதே ஊட்டல். 2020 ஷாடோலாண்ட்ஸில் லெஜண்டரி (உயர்தரக் கவசம்) செய்ய வேண்டும் என்றால் டோர்காஸ்ட் கோபுரத்தில் ஏறி சோல் ஆஷ் என்ற மூலப்பொருள் சேர்க்க வேண்டும். நான்கு கதாபாத்திரம் இருந்தால் நான்கு முறை ஏற வேண்டும். அந்த வருடங்களில் ஒரே மெயினோடு நின்றவர்களில் எத்தனை பேர் விரும்பி நின்றார்கள், எத்தனை பேர் நேரம் இல்லாமல் நின்றார்கள்?

2024இல் த வார் விதின் விரிவாக்கம், ஒருவரின் எல்லாக் கதாபாத்திரங்களையும் ஒரே அணியாக்கும் வார்பேண்ட் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ரினௌன் (நற்பெயர் நிலை) பொது, வங்கிக்கும் ஒரு பொதுப் பகுதி. இப்போது ஆல்ட் வைக்காமல் இருக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

கருங்கேடயம்:
2012இல் மவுண்டில் தொடங்கி வார்பேண்ட் வரை வந்த அந்தப் பொதுவாக்கல்தான் எனக்கு உறுத்துகிறது.

2009இல் விண்டர்ஸ்பிரிங் பனிக்காட்டில் ஃப்ராஸ்ட்சேபர் மவுண்டுக்காக அலைந்தேன். கரடி இறைச்சி ஐந்து, கைமேரா இறைச்சி ஐந்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுத்தால் ரெபுடேஷன் (அங்கே நமக்குள்ள மதிப்பு) எறும்பு நகர்வது போல நகரும். மறுபடியும் அதே கரடி, அதே கைமேரா. வாரக்கணக்கில் செய்தேன். கடைசியில் அந்த வெள்ளைப் புலி மேல் ஏறி ஊருக்குள் வந்தபோது வங்கி வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதைப் பார்த்தாலே நான் என்ன பாடுபட்டிருப்பேன் என்று அவர்களுக்குத் தெரியும். இன்று நான் ஒரு ஆல்ட்டை உருவாக்கினால், அந்தக் காட்டில் ஒருநாள்கூடக் குளிரில் நிற்காதவன் அதே புலி மேல் வந்துவிடுவான். ஒருவன் பட்ட பாடு அவனுக்கே சொந்தமாக இருக்க வேண்டாமா?

எட்டாம்மணி:
இன்னொரு ஆன்லைன் விளையாட்டான ஃபைனல் ஃபேண்டஸி 14 ஆடுகிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. 2013இல் எ ரெல்ம் ரீபார்ன் வந்ததில் இருந்து ஒரே கதாபாத்திரத்தில்தான் இருக்கிறேன். ஆயுதத்தை மாற்றினால் ஒயிட் மேஜ், பாலடின் ஆகிவிடுவான். எட்டுக் கைத்தொழில், மீன்பிடிப்பு உட்பட மூன்று சேகரிப்புத் தொழில், எல்லாமே அதே ஆளுக்கு. மழைக்குருவி ப்ரீஸ்ட்டிடம் கற்ற பாடம் எனக்கு ஆல்ட் இல்லாமலே கிடைத்தது. கருங்கேடயம் சொல்கிற பாடும் அந்த ஒரே கதாபாத்திரத்திடமே சேர்ந்திருக்கிறது. அங்கே ஆல்ட் தொடங்கினால், காசு கொடுத்துத் தாண்டினால் ஒழிய, மெயின் கதை முழுவதையும் முதலிலிருந்து நடந்துவர வேண்டும்.

மழைக்குருவி:
நல்ல ஏற்பாடுதான், ஆனால் எனக்குப் போதாது. கிளாஸ் மட்டும் மாறினால் ஆள் மாறிவிடுவதில்லை.

2018இல் நைட் எல்ஃப்களின் மாபெரும் மரமான டெல்ட்ரஸில் எரிந்ததை நினைத்துப் பாருங்கள். முதலில் டாரன் ட்ரூயிடில் ஆடினேன், நைட் எல்ஃப்களுக்கு எதிரணியான ஹோர்ட் படையோடு கரை வரை நடந்து போனேன். மரத்தையே எரிக்கச் சொல்லி ஹோர்ட் தலைவி சில்வானஸ் ஆணையிட்டபோது நான் அந்தப் படையில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்து ப்ரீஸ்ட்டில் நுழைந்தேன். அந்த மரத்தின் மேலிருந்த நகரமான டார்னஸஸ் எரிகிறது, காப்பாற்ற வேண்டியவர்கள் நூற்றுக்கணக்கில், கையில் சில நிமிடம்தான். ஓடி ஓடித் தூக்கினேன், எண்ணிக்கை நிரம்பவே இல்லை. அது அவளுடைய ஊர், அவள் பிறந்த மரம். முந்தாநாள் கரையில் நின்றதும் நான்தான். அந்த வாரம் முழுக்க எனக்கு மனசே சரியில்லை. ஒரு கதாபாத்திரம் மட்டும் இருந்திருந்தால் பாதிக் கதையோடு தூங்கப் போயிருப்பேன்.

கருங்கேடயம்:
அதே நகரத்தில் நானும் ஓடினேன். எனக்கும் எண்ணிக்கை நிரம்பவில்லை. நான் அந்தத் தீயை ஒரு பக்கத்திலிருந்து மட்டும்தான் பார்த்தேன், அதனால்தான் ஹோர்ட் மேல் எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை. அந்தக் கோபம் என் பாலடினுக்கு வேண்டும். கரையில் நின்றதும் நானே என்றால் அது அன்றே கரைந்து போயிருக்கும். நீங்கள் பாதிக் கதை என்கிறீர்கள், அவனுக்கு அதுதான் முழுக் கதை.

ஆனால் ஹெல்த் பார் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க முடியவில்லை. எங்கள் டிபிஎஸ் (எதிரியைத் தாக்கும்) ஆட்களுக்கு அதைப் படித்துக் காட்டப் போகிறேன். அப்புறம், ஆல்ட்டில் வருவதானால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும், கியரைக் காட்ட வேண்டும் என்று கில்டில் ஒரு விதி கேட்கப் போகிறேன். நடுவில் இரண்டு நாளாவது கிடைக்கும்.

மழைக்குருவி:
நியாயமான விதி. ஹீலர் இடம் காலியானால் சொல்லுங்கள் அண்ணா, ப்ரீஸ்ட்டின் கியரை இந்த ஞாயிறே அனுப்புகிறேன்.